பரிந்துரைக்கும் குழு, பரிசீலிக்க மறந்த சபை

பொக்கிஷத்தின் சாவி பிரஜைகளின் பிரதிநிதிகளிடம் இருக்க வேண்டும் என்பதும், அரசாங்கம் ஒரு ரூபாய் செலவழிப்பதானாலும் அதன் அவசியத்தை அவர்கள் முன் எடுத்துரைத்து அனுமதி பெற்ற பிறகே செலவழிக்க வேண்டும் என்பதும் பார்லிமெண்டு ஆட்சிமுறையின் ஆதார தர்மங்கள். நமது அரசியல் சாசனத்தின் 113-ஆவது ஷரத்து அந்தத் தர்மத்துக்கு மானியக் கோரிக்கை என்ற உருவத்தைக் கொடுத்து, ஒவ்வோர் அமைச்சகமும் வருஷந்தோறும் மக்களவையின் முன் வந்து நின்று, இன்ன காரியத்திற்கு இவ்வளவு வேண்டும் என்று கேட்கும்படி செய்திருக்கிறது. கேட்பது அமைச்சரின் வேலை என்றால், ஏன் என்று வினவுவதும், கேட்ட தொகையைக் குறைப்பதும், கொடுத்த பணம் போன வழியை மறு வருஷம் விசாரிப்பதும் அங்கத்தினர்களின் வேலை. ஆகவே, ஓர் அமைச்சகத்தின் கணக்கைப் பரிசீலிக்கும் பார்லிமெண்டுக் குழு என்றால், அது கையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கும் என்றுதான் சாதாரணமாக நாம் எதிர்பார்ப்போம்.

வெளியுறவு அமைச்சகத்தின் விஷயத்தில் நடப்பது இதற்கு நேர்மாறானது. இந்த அமைச்சகத்தைப் பரிசீலிக்கும் நிலைக்குழு, எந்தக் கட்சிக்காரர் தலைமை வகித்தாலும், காங்கிரஸைச் சேர்ந்த சசி தரூர் ஆனாலும் பாரதிய ஜனதாவைச் சேர்ந்த பி.பி. சௌத்ரி ஆனாலும், கொடுக்கும் பணம் போதாது, இருக்கும் ஆட்கள் போதாது என்ற புகாரையே திரும்பத் திரும்ப எழுதி வருகிறது. அந்தப் புகாரில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பரிசீலிக்க அமர்ந்தவரே மனுதாரரின் வக்கீலாக எழுந்து நின்றுவிட்டால், குறுக்கு விசாரணை செய்ய யார் மிஞ்சுகிறார்கள் என்ற கேள்வியும் உடனே எழுகிறது. அந்தக் கேள்வியை வாசகர்களின் யோசனைக்கு வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தொகையைப் பார்ப்போம். 2025-26-ஆம் ஆண்டின் மத்திய பட்ஜெட்டில் மொத்தச் செலவு சுமார் 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் வெளியுறவு அமைச்சகத்திற்கு ஒதுக்கியது 20,516 கோடி. நூறு ரூபாயில் நாற்பது காசு என்று சொன்னால் அளவு சட்டென்று புலப்படும். அந்த நாற்பது காசும் முழுவதாக நம்முடைய ராஜதந்திர யந்திரத்தை ஓட்டுவதற்குச் செலவாவதில்லை. அயல்நாடுகளுக்கு நாம் கொடுக்கும் உதவிக்கென்றே அந்த வருஷம் 5,483 கோடி பிரித்து வைக்கப்பட்டது. நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட இத்தொகையில் பூடானுக்கு மட்டும் 2,150 கோடி, நேபாளத்துக்கு 700 கோடி, மாலத்தீவுக்கு 600 கோடி, மொரீஷியஸுக்கு 500 கோடி, இலங்கைக்கு 300 கோடி என்று பங்கு போயிற்று. எஞ்சிய தொகையில்தான் உலகெங்கும் உள்ள தூதரகங்களின் கட்டட வாடகை, உத்தியோகஸ்தர்களின் சம்பளம், பாஸ்போர்ட் காரியாலயங்களின் செலவு, சர்வதேச ஸ்தாபனங்களுக்குக் கட்டும் சந்தா, நாளந்தா பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு அளிக்கும் மானியம் ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும்.

அயல்நாட்டு உதவி என்றதும், நம் ஊரில் குடிதண்ணீருக்கு வழியில்லாதபோது பிற தேசத்தாருக்கு ஏன் வாரி வழங்குகிறோம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களுக்குத் தமிழர்கள் நன்கறிந்த ஓர் உதாரணம் போதும். இலங்கையில் யுத்தம் முடிந்த மறு வருஷம் இந்தியா அறிவித்த 50,000 வீடுகள் இந்தத் தலைப்பின் கீழ் வந்த பணத்தில்தான் எழும்பின. அவற்றில் 46,000 வடக்கு, கிழக்கு மாகாணங்களில் வீடிழந்தோருக்கும், 4,000 மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்கும் என்று வகுக்கப்பட்டன. 2017-இல் பிரதமர் நோர்வூட்டுக்குச் சென்றபோது மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் வாக்களிக்கப்பட்டன. ஆகவே, உதவி கூடாது என்பது நம் கட்சியல்ல. வாக்களித்த வீடுகளில் எத்தனை எழும்பின, எந்த வருஷத்தில் எழும்பின, தாமதமானால் அதற்குக் காரணம் யார் என்று டெல்லியில் உட்கார்ந்து கேட்பவர் இருக்க வேண்டும் என்பதுதான்.

பணத்தைவிட முக்கியமான விஷயம் ஆட்கள். ராஜதந்திரம் என்பது அடிப்படையில் மனிதர்கள் மனிதர்களோடு பேசிச் செய்யும் தொழில். ராணுவத்தைப் போல் ஆயுதங்களையோ, ரயில்வேயைப் போல் தண்டவாளங்களையோ வாங்கி அந்தக் குறையை இட்டு நிரப்ப முடியாது. சுதந்திரத்துக்குப் பத்து மாதம் முன்பாக, 1946 அக்டோபர் 9-ஆம் நாள், இந்திய வெளியுறவுப் பணியை நிறுவ இடைக்கால சர்க்கார் தீர்மானித்தது. இருபது வருஷம் கழித்து, அமைச்சகத்தின் செக்ரடரி ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்ற என். ராகவன் பிள்ளையின் தலைமையில் அமைந்த ஒரு குழு அந்தப் பணியின் அமைப்பையும் ஆட்சேர்ப்பையும் ஆராய்ந்து 1966-இல் அறிக்கை கொடுத்தது. 2008-இல் மத்திய மந்திரிசபை பத்து வருஷத்தில் பல படிகளில் 514 புதிய பணியிடங்களை உண்டாக்க ஒப்புக்கொண்டது. 2016-இல் தரூர் தலைமையிலான நிலைக்குழு, இந்தப் பணிக்குத் தனித் தேர்வு தேவையா, நடுவயதில் வெளியிலிருந்து நிபுணர்களைச் சேர்க்கலாமா, பயிற்சி போதுமானதா என்று விரிவாக ஆராய்ந்தபோது, அனுமதிக்கப்பட்ட 912 இடங்களில் 770 மட்டுமே நிரம்பியிருந்த உண்மை வெளிவந்தது. 2023-இல் சௌத்ரி தலைமையிலான குழு எழுதிய அறிக்கையில், அமைச்சகத்தின் எல்லாப் பிரிவுகளையும் சேர்த்த மொத்த எண்ணிக்கை 4,888 என்றும், அதில் இந்திய வெளியுறவுப் பணி அதிகாரிகள் 1,011 பேர் என்றும், அவர்களில் 667 பேர் அயல்நாடுகளிலும் 334 பேர் டெல்லித் தலைமையகத்திலும் இருப்பதாகவும், அந்தத் தலைமையகத்தில் 57 பிரிவுகள் உள்ளதாகவும் காண்கிறோம்.

இந்த எண்களைச் சற்றே வகுத்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். தலைமையகத்தில் ஒரு பிரிவுக்கு ஆறு அதிகாரிகள்கூட இல்லை. ஒரு பிரிவு என்பது சில சமயம் ஒரு பெரிய தேசத்தையோ, பல தேசங்கள் அடங்கிய ஒரு கண்டப் பகுதியையோ கவனிக்க வேண்டிய ஸ்தானம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவிலுள்ள லோவி ஆராய்ச்சி நிலையம் 2024-இல் வெளியிட்ட பட்டியலில் சீனாவுக்கு உலகெங்கும் 274 தூதரகங்களும் துணைத் தூதரகங்களும், அமெரிக்காவுக்கு 271-ம், மக்கள் தொகையில் நமக்குப் பதினாறில் ஒரு பங்கான துருக்கிக்கு 252-ம் இருக்க, இந்தியா 194 காரியாலயங்களோடு பதினோராவது இடத்தில் நின்றது. அயல்நாட்டில் உள்ள 667 அதிகாரிகளை இந்த 194-க்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பேருக்குச் சற்று மேல் வருகிறது. வாஷிங்டனிலும் பீஜிங்கிலும் லண்டனிலும் பலர் இருந்தாக வேண்டும் என்பதால், சிறிய தலைநகரங்களில் ஸ்தானிகரும் அவருக்குத் துணையாக ஒருவரோ இருவரோதான் தேசத்தின் முழுப் பிரதிநிதிகளாக இருக்கிறார்கள் என்பது இதிலிருந்து புலனாகும்.

இது ஏதோ டெல்லியிலுள்ள பெரிய மனிதர்களின் கவலை, சாதாரண ஜனங்களுக்கு இதில் என்ன என்று ஒதுக்கிவிட முடியாது. வளைகுடா தேசங்களில் வசிக்கும் சுமார் 90 லட்சம் இந்தியர்களில் ஒருவருக்குச் சம்பளம் மறுக்கப்பட்டாலோ, பாஸ்போர்ட்டை முதலாளி பறித்து வைத்துக்கொண்டாலோ, ஒருவர் அங்கேயே காலமாகி அவருடைய உடலை ஊருக்குக் கொண்டுவர வேண்டியிருந்தாலோ, ராமநாதபுரத்திலோ திருநெல்வேலியிலோ இருக்கும் குடும்பம் கடைசியாக எதிர்பார்ப்பது அந்த ஊர்த் தூதரகத்தில் தொலைபேசியை எடுக்க ஓர் ஆள் இருக்கிறாரா என்பதைத்தான். 2022-இல் உக்ரைனில் யுத்தம் மூண்டபோது, தமிழகத்து மருத்துவ மாணவர்கள் பலர் உள்பட, சுமார் 22,500 பேரை நாடு திரும்பச் செய்த காரியம் மெச்சத்தக்கது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பக்கத்துத் தேசங்களிலிருந்தும் டெல்லியிலிருந்தும் ஆட்களை அவசரமாகத் திரட்டி எல்லைகளில் நிறுத்தித்தான் அக்காரியம் நடைபெற்றது. 2010-இல் யாழ்ப்பாணத்தில் துணைத் தூதரகம் திறந்ததன் பயனை, பிடிபட்ட மீனவர்களின் குடும்பத்தார் அறிவர். மேலும், பாஸ்போர்ட்டுக்காகச் சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் கோயம்புத்தூரிலும் காத்து நிற்கும் ஒவ்வொருவரும் இந்த அமைச்சகத்தின் வாசலில்தான் நிற்கிறார்கள். அவர்கள் கட்டும் கட்டணமோ அமைச்சகத்தின் கைக்கு வராமல் நேரே பொது நிதியில் போய்ச் சேர்கிறது.

ஆகவே நிலைக்குழு ஆட்பஞ்சத்தைக் கண்டு கலங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கலக்கத்திலிருந்து அது எடுக்கும் முடிவில்தான் நமக்கு மாறுபட்ட அபிப்பிராயம். மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவில் குறைந்தது நூற்றுக்கு ஒரு பங்கு இந்த அமைச்சகத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது குழுவின் சிபாரிசு. அதை 2025-26-இன் கணக்கில் பொருத்தினால் சுமார் 50,000 கோடி ஆகிறது. அதாவது அவ்வருஷத்து ஒதுக்கீட்டைப்போல் இரண்டரை மடங்கு. ஒரு சதவிகிதம் என்பது காதுக்கு இனிய எண்தான். ஆனால் அது தேவையிலிருந்து பிறந்த எண்ணன்று. வீட்டு வருமானத்தில் இத்தனை பங்கு மளிகைக்கு என்று முதலில் தீர்மானித்துவிட்டு, சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று பிறகு எண்ணுவதை எந்தக் குடும்பத் தலைவியும் ஒப்புக்கொள்ள மாட்டாள். எத்தனை புதிய தூதரகங்கள் வேண்டும், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், எந்தெந்தப் பாஷை தெரிந்தவர்கள், எந்த வருஷத்துக்குள் என்று கணக்கிட்டு, அதன் அடியில் கூட்டித் தொகை போட வேண்டுமேயன்றி, தொகையை முதலில் போட்டுவிட்டுக் காரணத்தைத் தேடுவது பரிசீலனை ஆகாது.

அன்றியும், பிப்ரவரியில் வாசிக்கப்படும் ஒதுக்கீட்டுத் தொகையையே வேதவாக்காகக் கொண்டு வாதாடுவதில் வேறொரு பலவீனமும் உண்டு. 2021-22-இல் 18,154 கோடி என்று ஒதுக்கி, திருத்திய மதிப்பீட்டில் 16,000 கோடியாகக் குறைத்தார்கள். 2023-24-இல் 18,050 கோடி என்று ஆரம்பித்தது, திருத்திய மதிப்பீட்டில் 29,121 கோடியாக வீங்கிற்று. ஒரு வருஷம் இரண்டாயிரம் கோடி மெலிவதும், மற்றொரு வருஷம் பதினோராயிரம் கோடி பெருப்பதும் ஒரே அமைச்சகத்தின் கணக்குத்தான் என்றால், முதலில் சபையின் முன் வைத்த எண் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? பணம் குறைவா அதிகமா என்ற தர்க்கத்தைவிட, முன்கூட்டிச் சொன்னதற்கும் பின்னால் செய்ததற்கும் உள்ள இடைவெளி ஏன் என்ற விசாரணை எவ்வளவோ பிரயோஜனமானது. நிலைக்குழு இந்த இடைவெளிகளைக் கவனிக்கத்தான் செய்கிறது. ஆனால் நிதியமைச்சகம் கேட்டதைக் கொடுக்கவில்லை என்ற வருத்தத்தின் நிழலில் அந்த விசாரணை மங்கிப் போகிறது.

அமைச்சகம் பதில் சொல்ல வேண்டிய காரியங்கள் உண்டு என்பதற்குக் கலாதான் திட்டம் ஒன்றே போதிய சாட்சி. கொல்கத்தாவிலிருந்து கடல் வழியாக மியான்மரின் சிட்வே துறைமுகம், அங்கிருந்து ஆற்று வழியாகப் பலெட்வா, அதன்பின் சாலை வழியாக மிசோரத்தின் சோரின்புயி என்று வடகிழக்கு மாநிலங்களுக்கு ஒரு மாற்றுப் பாதை அமைக்க 2008-இல் ஒப்பந்தமாயிற்று. அப்போது மதிப்பிட்ட செலவு 536 கோடி. 2015-இல் அதை 2,904 கோடியாகத் திருத்தினார்கள். சிட்வே துறைமுகத்துக்குக் கொல்கத்தாவிலிருந்து முதல் சரக்குக் கப்பல் போய்ச் சேர்ந்தது 2023 மே மாதத்தில். பலெட்வாவிலிருந்து எல்லைக்கு வரும் 109 கிலோமீட்டர் சாலை முடிவதற்குள், 2021-இல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, 2024 ஜனவரியில் பலெட்வாவே அரக்கான் படை என்னும் கிளர்ச்சிப் படையின் கைக்குப் போய்விட்டது. அயல்நாட்டு அரசியலின் புயலுக்கு நம் அமைச்சகம் பொறுப்பல்ல என்று வாதிக்கலாம். வாதத்தில் பாதி உண்மை. மற்றப் பாதி, ராணுவம் ஆட்சியைப் பிடிப்பதற்கு முன்பே பன்னிரண்டு வருஷங்களும் ஐந்து மடங்குக்கு மேல் பெருகிய மதிப்பீடும் இருந்தன என்பது. இத்தகைய திட்டங்களை மேற்பார்வையிட இஞ்சினீயர்களும் கணக்கறிந்தவர்களும் அமைச்சகத்தில் போதிய அளவு இருந்தார்களா என்று கேட்டிருந்தால், ஆட்பஞ்சமும் பணவிரயமும் ஒரே வியாதியின் இரண்டு குறிகள் என்பது அன்றே தெரிந்திருக்கும்.

நம்முடைய பார்லிமெண்டு அயல்நாட்டுக் காரியாலயங்களின் கணக்கைக் கண்டிப்பாக விசாரித்ததே இல்லை என்று சொல்லக்கூடாது. குடியரசு குழந்தையாக இருந்தபோதே ஒரு பெரிய விசாரணை நடந்தது. 1948-இல் காஷ்மீர் யுத்தத்தின் நெருக்கடியில் லண்டனில் ஹைகமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், வழக்கமான விதிமுறைகளை ஒதுக்கிவிட்டு, ராணுவத்துக்கு ஜீப் வாங்க ஒரு கம்பெனியோடு சுமார் 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தார். வந்து சேர்ந்தவை 155 ஜீப்புகளே. பொதுக் கணக்குக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்து எழுதிற்று. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையில் விசாரணையும் நடந்தது. முடிவு என்ன? 1955 செப்டம்பர் 30-ஆம் நாள், சர்க்காரைப் பொறுத்தவரை இவ்விஷயம் முடிந்துவிட்டது என்று உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் அறிவித்தார். 1956 பிப்ரவரியில் மேனன் இலாகா இல்லாத அமைச்சராக மந்திரிசபையில் சேர்ந்தார். மேனனுடைய திறமையையோ தேசபக்தியையோ பற்றி இங்கே தீர்ப்புச் சொல்ல நாம் முன்வரவில்லை. குழு தன் கடமையைச் செய்தும், குழுவின் வார்த்தையைச் சபை தன் வார்த்தையாக ஏற்றுக் கடைசிவரை நிற்காவிட்டால் பலன் இல்லை என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

அந்தப் பாடத்தை நாம் கற்கவில்லை என்பதற்கு இன்றைய நடைமுறையே அத்தாட்சி. 1993-இல் பதினேழு நிலைக்குழுக்கள் தோன்றின. 2004-இல் அவை இருபத்துநாலாயின. மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேருமாக 31 பேர் கொண்ட வெளியுறவு நிலைக்குழு, பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையைப் பரிசீலித்து அறிக்கை எழுதுகிறது. குழுவின் ஆயுள் ஒரே வருஷம். அதன் கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடைபெறுகின்றன. அதன் சிபாரிசுகள் சர்க்காரைக் கட்டுப்படுத்துவதில்லை. சபாநாயகரின் 73-ஏ கட்டளைப்படி அமைச்சர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சிபாரிசுகள் எந்த நிலையில் உள்ளன என்று சபையில் அறிக்கை வைக்க வேண்டும், வைக்கிறார், அது மேஜையின்மேல் வைக்கப்பட்ட மற்ற காகிதங்களோடு காகிதமாகச் சேர்ந்துவிடுகிறது.

குழு இவ்வளவு சிரமப்பட்டு எழுதியதைச் சபை படித்து விவாதிக்கும் என்றால், இந்தக் குறைகளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் விவாதிக்க நேரமின்றி எல்லா மானியக் கோரிக்கைகளையும் ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விட்டு முடிக்கும் 'கில்லட்டின்' என்ற முறை, விதிவிலக்காக இருந்த நிலைமை மாறி விதியாகவே ஆகிக்கொண்டு வருகிறது. 2018-இல் ஒரு கோரிக்கைகூட விவாதிக்கப்படாமல் அத்தனையும் நிறைவேறின. 2023 மார்ச்சில் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ப் பட்ஜெட் விவாதமில்லாமலே மக்களவையைத் தாண்டிற்று. 2024-இல் நடந்தது இன்னும் விசேஷம்: ஜூனில் புதிய சர்க்கார் அமைந்தது, ஜூலையில் பட்ஜெட் வந்தது, ஆகஸ்டில் நிறைவேறிற்று, அதைப் பரிசீலிக்க வேண்டிய நிலைக்குழுக்களோ செப்டம்பர் கடைசியில்தான் அமைந்தன. பணம் கொடுக்கப்பட்ட பிறகு, கொடுக்கலாமா என்று ஆராய்வதற்கு ஒரு குழுவை நியமித்த கதையாக அந்த வருஷம் கழிந்தது. மானியத்தை ஒரு ரூபாயாகக் குறைக்க வேண்டும், நூறு ரூபாய் குறைக்க வேண்டும் என்று அங்கத்தினர் கொண்டுவரும் வெட்டுத் தீர்மானங்கள், ஜெயிக்காவிட்டாலும், ஒரு குறையை அமைச்சர் முகத்துக்கு நேரே சொல்லி அவரைப் பதில் சொல்ல வைக்கும் உத்தம சாதனங்கள். விவாதமே இல்லாத இடத்தில் அவையும் வெறும் அச்சுக் காகிதங்களாகிவிடுகின்றன.

வேறு தேசத்தில் இக்காரியம் எப்படி நடக்கிறது என்பதற்குப் பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள காமன்ஸ் சபையின் வெளியுறவுக் குழு, அமைச்சரையும் இலாகாவின் தலைமை அதிகாரியையும் பகிரங்கமாக உட்கார வைத்து விசாரிக்கிறது. அந்த விசாரணையை நாடே பார்க்கிறது. 2021 ஆகஸ்ட் 15-ஆம் நாள் காபூல் தாலிபான்களின் கையில் விழுந்தபோது பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சரும் விடுமுறையில் இருந்தார், இலாகாவின் நிரந்தர உப காரியதரிசியும் விடுமுறையில் இருந்தார். ஆபத்தில் சிக்கிய ஆப்கானியர்கள் உதவி கேட்டு அனுப்பிய ஆயிரக்கணக்கான கடிதங்களைத் திறந்து பார்க்க ஆளில்லை என்று அந்த இலாகாவின் இளம் அதிகாரி ஒருவரே சாட்சி சொன்னார். குழு 2022 மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கையில், அந்தத் தலைமை அதிகாரி பதவியில் நீடிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று பெயரைக் குறிப்பிட்டே எழுதிற்று. அவர் உடனே விலகவில்லை என்பது உண்மை. குழுவுக்கு அவரை விலக்கும் அதிகாரமும் இல்லை. ஆனால் எத்தனை பேர் எந்த மேஜையில் இருந்தார்கள், எவர் விடுமுறையில் இருந்தார், யார் உத்தரவிட்டார் என்ற கேள்விகள் ஆட்சியின் உள்விவகாரம் என்று ஒதுக்கப்படாமல், பிரஜைகளின் உயிரோடும் தேசத்தின் கௌரவத்தோடும் சம்பந்தப்பட்டவை என்று ஒப்புக்கொள்ளப்பட்டன. கேள்வி கேட்கிறவன் ஆளுங்கட்சிக்காரனாக இருந்தும் கேட்டான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு பலமான ஆட்சேபம் உண்டு. அதை மறைக்காமல் எடுத்துப் பேச வேண்டும். ராஜதந்திரம் ரகசியத்தில் வாழ்வது. எந்தத் தூதரகத்தில் எத்தனை பேர், யார் என்ன வேலை செய்கிறார் என்று கடைத்தெருவில் கூவினால் எதிரிக்கு உதவியாகும் என்பது அந்த ஆட்சேபம். சீனாவோடு எல்லைப் பேச்சில் நம் தூதர் என்ன சொல்ல வேண்டும் என்று மூடிய கதவுக்குள் தீர்மானிக்க வேண்டியதுதான். அதைச் சபையில் கேட்கும் அங்கத்தினர் பொறுப்பற்றவர். ஆனால் அனுமதித்த இடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, அந்த ஊர்ப் பாஷை பேசத் தெரிந்தவர் எத்தனை பேர், ஒரு தொழிலாளியின் புகாருக்கு எத்தனை நாளில் பதில் கிடைக்கிறது என்பவற்றில் எந்த ரகசியமும் இல்லை. மொத்த எண்ணிக்கை 4,888 என்று குழுவே அச்சிட்டு வெளியிட்ட பிறகும் எந்த ஆபத்தும் வந்துவிடவில்லை. ரகசியம் என்ற திரை கொள்கைக்கு அவசியம். நிர்வாகக் குறைக்கு அதையே போர்வையாக்கக் கூடாது.

இன்னோர் ஆட்சேபம், வெளியுறவில் வாக்குகள் இல்லை, ஆகவே அங்கத்தினர்களுக்கு அக்கறையும் இல்லை என்பது. நேருவே வெளியுறவு இலாகாவையும் வைத்திருந்த பதினேழு வருஷங்களில் அயல்நாட்டு விவாதம் என்றால் சபை நிரம்பி வழிந்தது. அது தலைவரின் ஆகர்ஷணத்தால் ஆனது என்று கொள்வோம். ஆனால் அன்றைக்கு அயல்நாடு என்பது பெரும்பாலான இந்தியர்களுக்குப் பத்திரிகையில் படிக்கும் சங்கதி. இன்றைக்கோ அது மகன் வேலை செய்யும் இடம், மகள் படிக்கும் இடம், மீனவன் படகோடு பிடிபடும் இடம். தமிழகத்திலிருந்து போயிருக்கும் முப்பத்தொன்பது மக்களவை அங்கத்தினர்களின் தொகுதிகளில், தூதரகத்தின் உதவியை நாடி மனுக் கொடுக்காத குடும்பங்கள் உள்ள தொகுதி ஒன்றுகூட இராது. ஒவ்வொரு மனுவுக்கும் தனித்தனியே அமைச்சருக்குக் கடிதம் எழுதி, அதன் நகலைப் பத்திரிகைக்கும் அனுப்புவதோடு திருப்தியடையும் அங்கத்தினர்கள், அந்த மனுக்கள் ஏன் தேங்குகின்றன என்ற பொதுக் கேள்வியை மானியக் கோரிக்கையின்போது எழுப்பினால், ஒரே கேள்வியால் ஓராயிரம் கடிதங்களின் பயன் கிட்டும்.

இதற்காகப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. வருஷத்தில் ஒரு முழுநாள் இந்த அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையை விவாதிப்பதென்று மக்களவை உறுதி செய்து, அதற்கு நிலைக்குழுவின் அறிக்கையையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும். பட்ஜெட் காகிதங்களோடு, ஒவ்வொரு தூதரகத்திலும் அனுமதித்த இடங்கள், நிரம்பிய இடங்கள், பாஷையறிந்தோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் காட்டும் ஒரு அட்டவணையையும், அயல்நாட்டில் நாம் நடத்தும் ஒவ்வொரு திட்டத்துக்கும் முதலில் சொன்ன செலவையும் கெடுவையும் இன்றைய நிலையோடு பக்கத்துப் பக்கத்தில் காட்டும் மற்றோர் அட்டவணையையும் அமைச்சகம் இணைக்க வேண்டும். குழுவின் ஆயுள் மக்களவையின் ஆயுளோடு ஒத்திருக்க வேண்டும். ஒரு விஷயத்தைக் கற்றுத் தேறுவதற்குள் கலைந்துபோகும் குழுவால், முப்பது வருஷம் அதே தொழிலில் ஊறிய அதிகாரிகளைக் கேள்வி கேட்க இயலாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அமைச்சர் வைக்கும் அறிக்கையின்மேல் அரைமணி நேரமாவது வினாவிடைக்கு இடம் தர வேண்டும்.

இவை நிறைவேறினால், அமைச்சகத்துக்கு அதிகப் பணம் வேண்டும் என்ற குழுவின் வாதத்துக்கே வலிமை கூடும். கொடுத்த பணத்துக்கும் அனுமதித்த ஆட்களுக்கும் வரிசையாகக் கணக்குச் சொன்ன இலாகாவுக்கு மேலும் கொடுக்க நிதியமைச்சர் மறுப்பது கஷ்டம். கணக்கே கேட்கப்படாத இலாகாவுக்காக எத்தனை சதவிகிதம் சிபாரிசு செய்தாலும், அவர் அதைப் படித்துவிட்டு ஒதுக்கி வைப்பது சுலபம். கடுமையான விசாரணையே இந்த அமைச்சகத்துக்குப் பார்லிமெண்டு செய்யக்கூடிய பெரிய உபகாரம். அதைச் செய்யும் பொறுப்பு முப்பத்தொரு பேர் கொண்ட ஒரு குழுவோடு தீர்ந்துவிடுவதில்லை. அந்தக் குழுவை நியமித்து, அதன் அறிக்கையை ஏற்று, பிறகு அதைத் திறந்து பார்க்காமலே கோடிகளுக்குக் கைதூக்கும் ஐந்நூற்று நாற்பத்து மூன்று பேரையும் சார்ந்தது.